கீழே ரெண்டு வரி

கொரியன் சீரியல், மலையாளப் படம், ஸ்பானிஷ் திரில்லர் என்று எல்லாவற்றையும் பார்த்து வளர்ந்த ஆக்கள் நாங்கள். ஒரு கண் நடிகரின் முகத்தில், மற்றக் கண் கீழே ஓடுகிற ஆங்கில வரியில். இதை யாரும் சொல்லித்தரவில்லை, தன்பாட்டில் பழகிவிட்டது. பூசானில் நடக்கிற கதையைப் பார்க்க இடையில் ஒரு மொழி தேவைப்படுவது விளங்குகிறது. ஆனால் எங்கட நாட்டின் வரண்ட வலயத்துக் கிராமம் ஒன்றில் நடக்கிற கதையை மட்டக்களப்பிலிருந்து வந்த ஒருத்தி பார்க்கிறதுக்கும் ஏன் ஆங்கிலம் வந்து நடுவில் நிற்க வேண்டும்?

அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழி என்று சொன்னது 1987இல். நாங்கள் பிறக்க முன்னமே முடிந்த விசயம். பஸ்ஸின் பெயர்ப்பலகையிலும் கந்தோர்ப் படிவங்களிலும், எழுத்துப் பிழையோடாவது, மூன்று மொழியும் இருக்கிறது. சிங்களப் படம் ஒன்றைப் போட்டால் மட்டும் கீழே வருவது பெரும்பாலும் ஆங்கிலம்.

எங்களுக்கு இந்தக் கேள்வி பாடமாகத்தான் வந்தது. கலைப்பீடத்தில் தமிழ்மூலம் படிக்கிற எங்களை ஒரு பாடத்துக்காகப் பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’ பார்க்கச் சொன்னார்கள். 1997இல் வந்த படம். வன்னிஹாமி என்ற பார்வையிழந்த முதியவராக ஜோ அபேவிக்ரம நடித்திருக்கிறார். இராணுவத்துக்குப் போன மகன் போரில் இறந்துவிட்டான் என்று ஒரு பெட்டி வீட்டுக்கு வருகிறது. முத்திரை வைத்த பெட்டி, திறக்கக்கூடாது. ஊர் அழுது அடக்கம் செய்கிறது. கிழவர் மட்டும் மகன் செத்ததை ஏற்கவில்லை. நட்டஈட்டுப் படிவத்தில் ஒப்பம் வைக்கச் சொல்லி நெருக்குகிறார்கள், அவர் வைக்கவில்லை. மிச்சத்தைப் படத்தில் பாருங்கோ. 2000ஆம் ஆண்டில் இந்தப் படத்தை இங்கே திரையிட அரசாங்கம் தடை போட்டது. இயக்குநர் உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், 2001இல்தான் வழி திறந்தது.

எங்களுக்குக் கிடைத்த பிரதியில் ஆங்கில வரி படத்தோடேயே ஒட்டியிருந்தது. எங்கட வகுப்பில் பாதிப் பேருக்கு அந்த வரி வந்து மறைகிற வேகத்துக்கு ஆங்கிலம் ஓடாது. சிங்களம் காதில் விழும், பாதி விளங்கும், பாதி விளங்காது. ஆனால் அந்தக் கதை விளங்காத ஆள் எங்கட வகுப்பில் யார்? காணாமல் போன மாமாவின் படத்துக்கு இன்னும் மாலை போடாமல் வைத்திருக்கிற வீடுகளில் இருந்து வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் அம்மாமார் தங்கட பிள்ளைகளைக் கேட்டு வீதியோரம் இருக்கத் தொடங்கியபோது நாங்கள் பள்ளிக்கூடச் சீருடையில் அந்தச் செய்தியைப் பார்த்தோம். பிள்ளையைக் காட்டாமல் கடதாசியில் ஒப்பம் கேட்டால் எப்படி வைப்பது என்று அவர்கள் கேட்கிற கேள்வியை ஒரு சிங்களக் கிராமத்து அப்பாவும் கேட்கிறார். அதை நாங்கள் மூன்றாவது மொழியில் தட்டுத்தடுமாறி வாசிக்க வேண்டியிருக்கிறது.

அதனால் ஐந்து பேர் சேர்ந்து தமிழ் சப்டைட்டில் எழுத இருந்தோம். விரிவுரையாளரிடம் கேட்டோம். “வகுப்புக்குள்ள காட்டுறதுக்குத்தானே, செய்யுங்கோ” என்றார். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன், புத்தளம் என்று நாலு பேர். ஐந்தாவது ஆள் குருநாகல்காரன், சிங்களமூலம் படிக்கிறவன். அவன் இல்லாமல் இந்த வேலை இல்லை.

சப்டைட்டில் கோப்பு என்றால் பெரிய விசயம் என்று பயப்பட ஒன்றுமே இல்லை. எஸ்ஆர்டி என்ற கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கோ. இப்படித்தான் இருக்கும்:

42
00:12:41,500 --> 00:12:44,000
தண்ணி கொண்டு வா, மகன்.

முதல் வரியில் ஓர் இலக்கம். அடுத்ததில் எப்போது தோன்ற வேண்டும், எப்போது மறைய வேண்டும் என்ற நேரம். பிறகு வசனம். ஒரு வெற்று வரி விட்டு அடுத்த இலக்கம். அவ்வளவுதான் முழுத் தொழில்நுட்பமும். (வசனம் உதாரணத்துக்கு நாங்கள் எழுதியது, படத்தில் வருவதில்லை.) செக்கனுக்குப் பிறகு புள்ளி போடாமல் காற்புள்ளி போட்டிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த வடிவத்தைக் கொண்டுவந்த ‘சப்ரிப்’ என்ற மென்பொருள் பிரான்சில் எழுதப்பட்டது. அங்கே தசமத்துக்குக் காற்புள்ளிதான். அந்தப் பழக்கம் உலகம் முழுக்க அப்படியே பரவிவிட்டது. ஒரு முழுப் படத்தின் வசனமும் சேர்ந்தால்கூட வட்ஸ்அப்பில் வருகிற காலை வணக்கப் படம் ஒன்றின் அளவைத் தாண்டுவது கஷ்டம்.

நேரத்தைக் கையால் தட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ‘சப்டைட்டில் எடிட்’ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. ஒலியை அலைகளாய் வரைந்து காட்டும். அலை எழும்புகிற இடத்தில் வரி தொடங்க வேண்டும், விழுகிற இடத்தில் முடிய வேண்டும். குருநாகல் நண்பன் ஒவ்வொரு வசனத்தையும் கேட்டு, தனக்குத் தெரிந்த தமிழும் ஆங்கிலமும் கலந்து அர்த்தம் சொல்வான். நாங்கள் எழுதுவோம். எழுதியதைத் திரும்ப அவனுக்கு வாசித்துக் காட்டுவோம். “இல்ல மச்சான், அவ்வளவு கோபம் இல்ல” என்பான். அழித்துவிட்டுத் திரும்ப எழுதுவோம். ஆங்கில வரியைப் பார்த்தே தமிழாக்கியிருந்தால் வேலை கெதியாய் முடிந்திருக்கும். ஆனால் ஆங்கிலத்தில் எல்லாருமே ‘யூ’. சிங்களத்தில் யார் யாரை எந்தச் சொல்லால் கூப்பிடுகிறார்கள் என்பதில்தான் பாதிக் கதை இருக்கிறது.

அந்த இடத்தில்தான் எங்களுக்குள்ளேயே சண்டை தொடங்கியது. சிங்களத்தில் ‘புத்தே’ என்று ஒரு வயதானவர் தன் சொந்த மகனையும் கூப்பிடலாம், வழியில் போகிற பொடியனையும் கூப்பிடலாம். தமிழில் என்ன போடுவது? யாழ்ப்பாணத்துக்காரி “மோனே” என்றாள். மட்டக்களப்புத் தோழி “மனே” என்றாள். ஹட்டன் நண்பன், எங்கட தோட்டத்தில் வயசாளி ஒருத்தர் பொடியனைக் கூப்பிட்டால் “தம்பி” அல்லது “ஐயா” என்பார் என்றான். இந்தியப் படத்தில் வருகிற “டேய் பையா” வேண்டாம் என்பதில் மட்டும் எல்லாரும் ஒன்று. கடைசியில் “மகன்” என்று முடிவெடுத்தோம். இங்கே வடக்கு, கிழக்கு, மலையகம், முஸ்லிம் வீடு எல்லாவற்றிலும் பெரியாக்கள் “மகன், இங்க வாங்கோ” என்று கூப்பிடுவார்கள், பிறத்திப் பிள்ளையையும்தான். ஒரு நாட்டின் தமிழ் என்று ஒன்று இருக்கிறதென்றால் அது இப்படியான சொற்களில்தான் இருக்கும் போல.

இன்னொரு சொல்லுக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. அந்தப் படிவம். ‘இழப்பீடு’ என்று போடலாம், அரசாங்கம் அப்படித்தான் எழுதுகிறது. ‘நட்டஈடு’ என்றும் போடலாம். எங்களில் ஒருவர் மட்டும் கனநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “எங்கட வீட்டுக்கு வந்த ஆக்கள் நட்டஈடு எண்டுதான் சொன்னவை. அம்மாவும் அப்பிடித்தான் சொல்லுறவ.” பிறகு ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. நட்டஈடு என்றே எழுதினோம்.

மென்பொருள் எங்களோடு சண்டை பிடித்தது வேறு இடத்தில். ஒரு வரியை வாசிக்க ஆளுக்கு நேரம் போதுமா என்று சப்டைட்டில் எடிட் கணக்குப் பார்க்கும். செக்கனுக்கு இத்தனை எழுத்துக்கு மேல் போனால் சிவப்பாக்கிவிடும். எங்கட வரிகள் பாதி சிவப்பு! வசனம் நீளமா என்று பார்த்தால் இல்லை. விசயம் இதுதான்: ‘கொண்டு’ என்பதில் எங்கட கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஆறு. ‘க’ ஒன்று, ‘ஒ’காரக் குறி ஒன்று, ‘ண’ ஒன்று, மேலே புள்ளி ஒன்று, ‘ட’ ஒன்று, ‘உ’கரக் குறி ஒன்று. ஆங்கிலத்துக்குச் செய்த அளவுகோலால் தமிழை அளந்தால் நாங்கள் எப்போதும் அதிகம் பேசுகிற ஆக்களாகத்தான் தெரிவோம். அதனால் சிவப்பை நம்புகிறதை விட்டுவிட்டு வேறு வழி பிடித்தோம். சிங்களம் விளங்காத ஒரு தங்கச்சியை இருத்தி வைத்து, அவள் வாசித்து முடித்துவிட்டு முகத்தைப் பார்க்க நேரம் கிடைக்கிறதா என்று கேட்டோம். கிடைக்காத இடத்தில் சொல்லைக் குறைத்தோம். சப்டைட்டில் எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல மீற்றர் இல்லை.

ஆங்கில வரி கீழே ஒட்டியிருந்ததால் தமிழை மேலே போட வேண்டியிருந்தது. எஸ்ஆர்டியில் வசனத்துக்கு முன்னால் ஒரு சின்னக் குறி போட்டால் அந்த வரி திரையின் உச்சிக்குப் போய்விடும். வீஎல்சி போன்ற பிளேயர்கள் அதை விளங்கிக்கொள்ளும்.

எழுதி முடித்தது பாதி வேலைதான். மற்றப் பாதி, எழுதிய தமிழ் கடைசித் திரை வரைக்கும் உடையாமல் போய்ச் சேருவது.

இலங்கையில் தமிழ் தட்டச்சு என்றால் கொமியுனிகேஷன் கடையில் இருந்து கந்தோர் வரைக்கும் பாமினிதான் கனகாலம் ராசா. பாமினியில் அடித்ததை வேர்டில் பார்த்தால் தமிழ். உள்ளே கோப்பில் கிடப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். எழுத்துருவை எடுத்துவிட்டால் தமிழும் போய்விடும். சப்டைட்டில் கோப்பில் எழுத்துரு ஏறாது, வெறும் எழுத்து மட்டும்தான். அதனால் யூனிகோட்டில் அடிக்க வேண்டும், சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்று தெரிவு செய்ய வேண்டும். நோட்பேடில் அந்தத் தெரிவு ‘ஆன்சி’ என்று இருந்தால் எங்கட வசனம் எல்லாம் வரிசையாய்க் கேள்விக்குறி ஆகிவிடும். அப்படி ஆனதைத் திருப்பி எடுக்கவும் ஏலாது.

பிறகு சாதனங்கள். லெப்டொப்பில் வீஎல்சி, பிரச்சினை இல்லை. படத்துக்கும் எஸ்ஆர்டிக்கும் ஒரே பெயர் வைத்து ஒரே ஃபோல்டரில் போட்டால் தானே எடுத்துக்கொள்ளும். போனிலும் அப்படித்தான். விரிவுரை மண்டபக் கணினியில் ஒன்றும் நிறுவ எங்களுக்கு அனுமதி இல்லை. ஆனால் வீஎல்சியை நிறுவாமலே ஓட்டக்கூடிய சிப் கோப்பாகவும் தருகிறார்கள். பென்ட்ரைவில் படம், எஸ்ஆர்டி, பிளேயர் மூன்றையும் சேர்த்துப் போட்டுக் கொண்டுபோனோம்.

ஹொஸ்டல் டீவிதான் மானத்தை வாங்கியது. பென்ட்ரைவைச் செருகினால் படம் ஓடுகிறது, எழுத்தும் வருகிறது, ஆனால் அது தமிழில்லை. ‘கொ’வின் கொம்பும் காலும் ‘க’வை விட்டுக் கழன்று, நடுவில் ஒரு புள்ளி வட்டத்தோடு தனியாய் நிற்கிறது. ‘கே’யில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விட்டது. இதற்குக் காரணம் என்னவென்றால், கோப்பில் நாங்கள் எழுதி வைப்பது ‘க’, பிறகு குறி என்ற ஒழுங்கில். திரையில் அந்தக் குறியைப் பிரித்து முன்னும் பின்னும் வைத்து வரைவது பிளேயரின் வேலை. அந்த வேலையைச் செய்கிற ஒரு கருவிக்குப் பெயர் ஹார்ஃப்பஸ். ‘ஓப்பின் டைப்’ என்பதன் பாரசீகம் அது. ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்பொத் முன்னின்று செய்தது. வீஎல்சிக்குள் அது இருக்கிறது. எங்கட ஹொஸ்டல் டீவிக்குள் இருக்கிற பிளேயருக்கு அந்த அறிவு இல்லை.

இதில் எங்களுக்கு ஆறுதலாய் ஒன்று கிடைத்தது, கொஞ்சம் சிரிப்பும் வந்தது. குருநாகல் நண்பன் தன்ரை சிங்கள எஸ்ஆர்டி ஒன்றைப் போட்டுப் பார்த்தான். அதுவும் உடைந்துதான் வந்தது. சிங்களத்தில் ‘ஸ்ரீ’ சரியாய் வருவதற்கு நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பு எழுத்து இருக்க வேண்டும். அதை விளங்காத டீவியில் நாட்டின் பெயரே பிய்ந்துபோய் நிற்கும். “பாத்தியா, இதுக்கு ரெண்டு மொழியும் ஒண்டுதான்” என்றான்.

இப்படியான டீவிக்கு மூன்று வழி இருக்கிறது. மூன்றையும் செய்து பார்த்தோம்.

ஒன்று, எச்டிஎம்ஐ வயர். லெப்டொப்பை டீவியோடு கொழுவினால் எழுத்தை வரைவது லெப்டொப், டீவி வெறும் கண்ணாடி. இதுதான் சுகமான வழி. வயர் இருந்தால்.

இரண்டு, எரிப்பது. ‘ஹேண்ட்பிரேக்’ என்ற இலவச மென்பொருளால் எழுத்தைப் படத்தின் மேலேயே பதித்துவிடலாம். பிறகு எந்த டீவியிலும், எந்தப் பழைய போனிலும் தமிழ் உடையாது. ஏனென்றால் அது இப்போது எழுத்தில்லை, படம். ஆனால் லெப்டொப் விசிறி கத்தக் கத்த நேரம் எடுக்கும். பிறகு ஒரு சொல்லைத் திருத்த வேண்டுமென்றாலும் முழுப் படத்தையும் திரும்ப எரிக்க வேண்டும். எங்களுக்குத் தந்த பிரதியில் ஆங்கிலத்தை அப்படித்தான் எரித்திருந்தார்கள். நாங்களும் தமிழை எரித்தால், அடுத்து ஒருவர் வேறு மொழி போட இடமே இருக்காது.

மூன்று, எம்கேவி பெட்டி. இதன் முழுப்பெயர் மத்ரோஸ்கா. ஒன்றுக்குள் ஒன்றாய் இருக்கிற ரஷ்யப் பொம்மை ஞாபகம் வருகிறதா, அந்தப் பெயர்தான். ஒரே கோப்புக்குள் படம், ஒலி, எத்தனை மொழியிலும் சப்டைட்டில் எல்லாம் தனித்தனியாய் இருக்கும். ‘எம்கேவி டூல்நிக்ஸ்’ இவற்றைச் சேர்ப்பதற்குச் சில நிமிடம் போதும், படத்தைத் திரும்ப எரிக்காது. பார்க்கிறவர் தனக்கு வேண்டிய மொழியைத் தெரிவு செய்யலாம், எல்லாவற்றையும் நிற்பாட்டவும் செய்யலாம். ஹொஸ்டல் டீவிக்கு எரித்த பிரதி கொடுத்தோம். வைத்திருப்பதற்கும் பகிர்வதற்கும் எம்கேவியையே வைத்துக்கொண்டோம்.

உங்களில் யாராவது செய்யப்போனால் இன்னொரு விசயம். வேறு பிரதியில் போட்டதும் வரிகள் பேச்சுக்கு முந்தியோ பிந்தியோ வந்தால் முதலில் அது ஒரே அளவு பிந்துகிறதா என்று பாருங்கோ. ஒரே அளவென்றால் வீஎல்சியில் ஜி, எச் இரண்டு கீயாலும் 50 மில்லிசெக்கன் படி முன்பின் தள்ளலாம். தொடக்கத்தில் சரியாய் இருந்து போகப் போக விலகினால் அது வேறு நோய். செக்கனுக்கு 24 சட்டமாய் எடுத்த படத்தை டீவிக்காக 25ஆய் ஓட்டியிருப்பார்கள். ஒன்றேகால் மணித்தியாலப் படம் மூன்று நிமிடம் அளவில் சுருங்கிவிடும். அதற்குச் சப்டைட்டில் எடிட்டிலேயே சட்ட வேகத்தை மாற்றுகிற இடம் இருக்கிறது. ஒவ்வொரு வரியாய்த் தள்ளிக்கொண்டிருந்து ஒரு கிழமையைத் தொலைக்காதீங்கோ.

வகுப்பில் காட்டினோம். தமிழ் வரி ஓடத் தொடங்கியதும் முதலில் நடந்தது, கதைச் சத்தம் நின்றது. பக்கத்தில் இருக்கிறவரிடம் “என்ன சொன்னவர்?” என்று கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ‘நட்டஈடு’ வந்த இடத்தில் பின்வரிசையில் ஒருத்தி தலையைக் குனிந்தாள். படம் முடிந்து நடந்த கலந்துரையாடலில், இதுவரை அந்த வகுப்பில் வாயே திறக்காத ஆக்கள் பேசினார்கள். “அந்தக் கிழவருக்குப் பெட்டியாவது வந்தது” என்று ஒருவர் சொன்னார். அதற்குக் குருநாகல் நண்பன் உட்பட யாரிடமும் பதில் இருக்கவில்லை. “ஆனா அவருக்கும் முகத்தைக் காட்டேல்லையே” என்று இன்னொருவர் சொன்னார். இரண்டு கூற்றும் ஒன்றையொன்று அழிக்காமல் அந்த அறையில் இருந்தன. ஆங்கில வரி மட்டும் ஓடியிருந்தால் நாங்கள் குறிப்பெடுத்துக்கொண்டு எழும்பிப் போயிருப்போம்.

ஒரு சப்டைட்டில் இனப்பிரச்சினையைத் தீர்த்துவிடும் என்று யாரும் சொல்லவரவில்லை. கீழே தமிழ் ஓடினாலும் காணி திரும்பி வராது, காணாமல் போனவர்களும் வரமாட்டார்கள். ஆனால் ஒருவர் மற்றவரின் துக்கத்தை அவர் சொல்கிற மாதிரியே கேட்பதற்கு இந்த நாட்டில் இவ்வளவு கஷ்டப்பட வேண்டியிருக்கிறது என்றால், அந்தக் கஷ்டத்தில் ஒரு பகுதி வெறும் எஸ்ஆர்டி கோப்பு இல்லாத கஷ்டம்தான். அந்தப் பகுதிக்கு யாருடைய அனுமதிக்காகவும் ஆணைக்குழுவுக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. மற்ற மொழி பேசுகிற ஒரு நண்பர், ஒரு பழைய லெப்டொப், சில பின்னேரங்கள் போதும்.

வீஎல்சியையே எடுங்கோ. 1996இல் பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் மாணவர்கள் தங்கட வளாகத்து வலையமைப்பில் வீடியோ ஓட்டுவதற்காகத் தொடங்கிய வேலை அது. வேகமான வலையமைப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டதற்குக் காரணம், கேம் விளையாட! 2001இல் யாரும் எடுத்துப் பாவிக்கலாம், திருத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். ஹொஸ்டல் பொடியன்கள் தங்கட தேவைக்குச் செய்ததுதான் இன்றைக்கு எங்கட போனிலும் இருக்கிறது.

அடுத்த வேலை எதிர்ப்பக்கம். தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர் எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் எடுத்த தமிழ்ப் படம் ‘பொன்மணி’. சிங்களமூல நண்பர்கள் அதைத் தங்கட மொழியில் வாசித்துப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். இந்த முறை நாங்கள் காதால் கேட்டு அர்த்தம் சொல்ல வேண்டும், அவர்கள் எழுத வேண்டும். யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’ மூன்றுக்கும் சிங்களத்தில் என்ன போடுவது என்று இப்பவே வட்ஸ்அப் குரூப்பில் இழுபறி தொடங்கிவிட்டது. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ. சிங்களம் தெரிந்த நண்பர் பக்கத்தில் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.